தொட்டிக்குள் ஒரு மலையும் நைனாவின் தலைமுடியும்

போன மாதம் அரக்கோணத்தில் ஒரு வண்ண மீன் கடைக்குள் நுழைந்தேன். வாங்குவதற்கு ஒன்றுமில்லை. முப்பது வருஷத்துக்கும் மேல் வீடு வீடாக மீன் தொட்டி போட்டுப் பிழைத்தவன் நான். கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் தெரிந்தால் கால் தானாக நின்றுவிடும். கடைக்காரப் பெண் ஒரு கல்லை எடுத்தாள், அதன்மேல் ஒரு சொட்டுப் பசை வைத்தாள், பெரணிச் செடி ஒன்றை அழுத்தி ஐந்து எண்ணினாள், தூக்கித் தண்ணீருக்குள் போட்டாள். செடி ஆடவில்லை, அசையவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

"இன்னாம்மா, அவ்ளோதானா?" என்றேன்.

"அவ்ளோதான் ஐயா. உங்க காலத்துல எப்படி ஒட்டுவீங்க?"

"முடி வெச்சிக் கட்டியிருக்கேன்."

அவள் நிமிர்ந்து என் தலையைப் பார்த்தாள். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. "என்னோடது இல்லம்மா, எங்க நைனாவோடது" என்றேன். பக்கத்தில் நின்றிருந்த வாடிக்கையாளர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். அந்தப் பெண் மட்டும் சிரிக்காமல், "எழுதிக் குடுங்க ஐயா, நானே டைப் பண்ணிக் கடையில மாட்டறேன்" என்றாள். அதனால் எழுதுகிறேன். அந்தக் காலத்து வேலைதான் வேலை என்று பாட்டுப் பாட எனக்கு விருப்பமில்லை. பசை நல்ல பொருள். எழுபதுகளின் கடைசியில் அந்த ஒரு சொட்டு எனக்குக் கிடைத்திருந்தால் பதினோரு மீன்களும் ஓர் அம்மாளின் சவுரிமுடியும் தப்பித்திருக்கும்.

எங்கள் வீடு பள்ளிப்பட்டில். நைனா, அதாவது அப்பா, லுங்கி நெய்கிறவர். தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பார். எனக்கு அந்தக் குழி ஒத்துவரவே இல்லை. அரை மணியில் முதுகு பிடித்துக்கொள்ளும். மிதிகட்டையை மாற்றி மிதிப்பேன். நூலோடு குறுக்கே ஓட வேண்டிய நாடா எகிறிப் போய்ச் சுவரில் அடிக்கும். எனக்கு வந்த ஒரே வேலை பாவு பிணைப்பது. தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு தீரும்போது புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதோடு சேர்க்க வேண்டும். விரலில் கொஞ்சம் சாம்பல் தொட்டுக்கொண்டு இரண்டு நுனிகளையும் வைத்து ஒரு திருகு திருகினால் பிடித்துக்கொள்ளும். அது மட்டும் என் விரலுக்கு எப்படியோ வந்தது. அதை மட்டும் வைத்துக்கொண்டு யார் சோறு போடுவார்கள்?

இருபத்திரண்டு வயதில் தறியை விட்டு ஓடினேன். ரொம்ப தூரம் ஓடவில்லை, திருத்தணி வரைக்கும்தான். அங்கே மாசிலாமணி என்பவர் வைத்திருந்த மீன் தொட்டிக் கடையில் சேர்ந்தேன். நைனா திட்டவில்லை, அடிக்கவில்லை. திருத்தணி மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். "முருகா, என் பையன் மறுபடியும் தறியில வந்து உக்காரணும். அது வரைக்கும் தலையில கத்தி வெக்க மாட்டேன், எண்ணெயும் வெக்க மாட்டேன்" என்று வேண்டிக்கொண்டார். இரண்டரை வருஷத்தில் முடி தோளைத் தாண்டிவிட்டது. நான் ஊருக்குப் போனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். தலையை மட்டும் ஓர் உலுக்கு உலுக்குவார். எனக்கு அன்றைக்கு முழுவதும் சாப்பாடு இறங்காது.

மாசிலாமணி ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து விட்டுவிட்டு வந்தவர். வேலையை விட்டாரே தவிர ரயில்வேயை விடவில்லை. புதுத் தொட்டியில் மீன் விடும்போது ஒரு பச்சைத் துணியை ஆட்டுவார். அதை ஆட்டும் வரை நான் மீன் பையை அவிழ்க்கக் கூடாது. தண்ணீரில் கை வைக்க மாட்டார். "கையை நனைக்கறவன் ஆளு, நனைக்காதவன் இன்ஜினியரு" என்பார். மீன்களிடம் அவருக்கு அபார மரியாதை. என்னிடம் கிடையாது. இரண்டையும் ஒரே மூச்சில் பேசுவார்: "ஏஞ்சல், கொஞ்சம் அந்தாண்ட போங்க. டேய் முனிரத்தினம், கைய எடுடா, அவங்க எப்படிப் போவாங்க?"

இரும்புச் சட்டத்தில் புட்டிச் சாந்து வைத்துக் கண்ணாடி பொருத்துவது, மணலை ஏழு தண்ணீரில் அலசுவது, ரப்பர் குழாயை வாயால் உறிஞ்சி அழுக்குத் தண்ணீரை வெளியேற்றுவது எல்லாம் இரண்டரை வருஷத்தில் கற்றேன். திருத்தணியில் இருந்த எல்லாத் தொட்டித் தண்ணீரையும் ருசி பார்த்தவன் நான் ஒருவன்தான். ஆனாலும் அவர் கணக்கில் நான் 'டெம்பரவரி'. ஃபிட்டர் என்று என்றைக்குக் கூப்பிடுகிறாரோ அன்றைக்குத்தான் வேலை நிரந்தரம்.

அப்போதுதான் கே.ஜி.கண்டிகைப் பக்கத்திலிருந்து மில்காரர் வந்தார். ரைஸ் மில் வைத்திருந்தவர், நல்ல பருமன். ஒவ்வொரு ஆடிக் கிருத்திகைக்கும் திருத்தணி மலையின் முன்னூற்று அறுபத்தைந்து படியும் ஏறியே தீருவார். அந்த வருஷம் முழங்கால் போய்விட்டது. ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மலைக்கு வண்டிப் பாதை இருக்கிறது, காரில் போகலாமே என்று யாரோ சொல்லப்போக, அவரோடு பேச்சையே நிறுத்திக்கொண்டார்.

"நாலு நாளா யோசிச்சேன் மாசிலாமணி" என்றார். "டாக்டரு இன்னொண்ணும் சொன்னாரு. தண்ணிக்குள்ள நின்னு காலை ஆட்டினா வலிக்காதாம். தண்ணிக்குள்ள வலி கிடையாது. அப்போ மலைய தண்ணிக்குள்ள வெச்சிட்டா?"

நான் சிரிப்பை அடக்க இருமினேன். மாசிலாமணி இருமவில்லை. நோட்டை எடுத்து, "எத்தினி அடி தொட்டி?" என்றார்.

ஐந்தடித் தொட்டி. அதற்குள் திருத்தணி மலை. மில்காரர் ஏற்கெனவே கல்தச்சரை வைத்து வேலையை ஆரம்பித்திருந்தார். நடுவில் ஒரு கருங்கல். அதில் உளி முனையால் வளைந்து வளைந்து கீறிய படிகள். சுற்றிலும் மலைபோல அடுக்க இருபது, இருபத்தைந்து சின்னக் கற்கள். தச்சர் முன்னூற்று அறுபத்தொரு படியோடு நிறுத்தியிருக்கிறார். மில்காரர் எண்ணிப் பார்த்து, திரும்ப வரவழைத்து, நாலு படி போட வைத்தார். தினமும் தொட்டியின் முன்னால் உட்கார்ந்து கண்ணாலேயே படி ஏறுவது அவர் திட்டம். முதல் ஏற்றம் ஆடிக் கிருத்திகை அன்று. அதற்குள் மலை பச்சைப் பசேல் என்று இருக்க வேண்டும், மொட்டை மலையில் ஏற மாட்டேன் என்றார்.

மாசிலாமணி மூர் மார்க்கெட்டிலிருந்து செடி வரவழைத்தார். கல்லில் பற்றி வளர்கிறவை இரண்டு வகை. ஒன்று பெரணி, இஞ்சி மாதிரிப் படுத்த தண்டு, அதன் அடியில் வேர். இன்னொன்று பாசி, அதற்கு வேரே கிடையாது, வெறும் பச்சை நூல் பிசிறு. இரண்டையும் கல்லோடு சேர்த்துக் கட்டி வைக்க வேண்டும். சாதாரணமாக நூலால் கட்டுவோம். நான் நூல்கண்டை எடுத்ததுதான் தாமதம், மில்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

"இன்னாடா அது? சாமி மலைக்குக் கயிறு போட்டுக் கட்டுவியா? மலை இன்னா மாடா?"

கயிறு கூடாது. பசை கூடாது, அந்தக் காலத்து வச்சிரப் பசை எலும்பிலிருந்து காய்ச்சுவது, விரத வீட்டுக்கு ஆகாது. ஆணி பற்றிக் கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது. மாசிலாமணி எல்லாவற்றுக்கும் தலையாட்டி, "கட்டாம, ஒட்டாம, கிருத்திகைக்குள்ள பச்சை பண்ணிடலாம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். தெருவுக்கு வந்ததும் என்னைப் பார்த்தார்.

"எப்படிடா பண்றது?"

"நீங்கதான மொதலாளி சொன்னீங்க?"

"நான் இன்ஜினியரு, சொல்லுவேன். நீதான் பண்ணணும். இது நின்னுச்சுன்னா நீ ஃபிட்டரு. நிக்கலன்னா பள்ளிப்பட்டு பஸ்ஸைப் பிடி. உங்க நைனா தலைய உலுக்கிகினு உக்காந்திருக்காரு இல்ல?"

எனக்குத் திக்கென்றது. அதற்குப் பிறகு மில்காரர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தறிக்குழிதான் கண்ணில் நின்றது. கிருத்திகைக்கு ஒன்றரை மாதம் இருந்தது.

முதலில் செடிகளைக் கல் இடுக்கில் செருகினேன். காலையில் வந்து பார்த்தால் அத்தனையும் தண்ணீர் மேலே மிதந்துகொண்டிருந்தன; மலை கீழே, காடு மேலே. பிறகு ஒவ்வொரு செடிமேலும் கூழாங்கல் வைத்து அழுத்தினேன். மலை சரிந்து விழுந்த இடம் மாதிரி இருந்தது. மில்காரர் பார்த்துவிட்டு, "வழியெல்லாம் கல்லா கீது, எப்படி ஏறுவேன்?" என்றார். அப்புறம் களிமண்ணைக் குழைத்து அதில் பதித்தேன். பெரணியின் தண்டு மண்ணுக்கு வெளியே இருக்க வேண்டும், புதைத்தால் அழுகும் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். பத்து நாளில் நாற்றம் மில் வரைக்கும் போனது.

கடைசியில் திருட்டுத்தனம் பண்ணினேன். ஊரிலிருந்து பச்சைச் சாயம் போட்ட பாவு நூல் கொண்டுவந்து, செடிக்கு அடியில் தெரியாதபடி கட்டிவிட்டேன். அது கஞ்சி போட்ட நூல் என்பது ஞாபகம் இருந்திருக்க வேண்டும். நெசவுக்காரன் வீட்டுப் பிள்ளைக்கே ஞாபகம் இல்லை. மறுநாள் கஞ்சி கரைந்து தண்ணீர் வடிகஞ்சி மாதிரி ஆகிவிட்டது. அதற்கு மறுநாள் சாயமும் இறங்கி, தொட்டி முழுக்கப் பச்சை. மில்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "பச்சையாயிடுச்சு, மலை பச்சையாயிடுச்சு!" என்று வீட்டையே கூட்டிவிட்டார். மத்தியானம் வரைக்கும் எல்லோருக்கும் சந்தோஷம். நானும் வாயை மூடிக்கொண்டு பாயசம் சாப்பிட்டேன். சாயங்காலம் தண்ணீர் கொஞ்சம் தெளிந்ததும் நூல் தெரிந்துவிட்டது.

"கட்டிட்டான்! சாமி மலைய மாடு மாதிரி கட்டிட்டான்!"

மாசிலாமணி என் முதுகில் ஓர் அடி வைத்தார். அந்த நேரத்தில் மில்காரரின் சம்சாரம் முற்றத்தில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தார். சீப்பில் சிக்கிய முடியை விரலில் சுற்றி எறிந்தார். அது என் காலடியில் வந்து விழுந்தது.

"ஐயா" என்றேன். "கயிறு வேணாம். முடி வெச்சா?"

மாசிலாமணி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். மில்காரர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"முடி..." என்றார். "முடி மலைக்குக் குடுக்கறதுதான். ஊரே குடுக்குது. அது கட்டு ஆகாது, காணிக்கை ஆகும். ஆனா சலூன்ல பெருக்கிப் போடற முடி ஆகாது. வேண்டிக்கினு குடுக்கற முடியா இருக்கணும்."

மலைமேல் காணிக்கை விழுகிற முடி கோயிலுக்குச் சொந்தம், அதில் நாம் கை வைக்க முடியாது. மில்காரர் உள்ளே போய் எதையோ மேல்துண்டில் மறைத்து எடுத்துவந்தார். அவர் சம்சாரத்தின் சவுரி. மலையடிவாரத்தில் வாங்கியது, அதனால் அதுவும் ஒரு விதத்தில் சாமி முடிதான் என்றார். அந்த அம்மாள் அப்போதுதான் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்.

நீளம் நன்றாக இருந்தது. நாலு கல்லுக்குக் கட்டிவிட்டேன். அந்தச் சவுரி எத்தனை வருஷத்துத் தேங்காய் எண்ணெயைக் குடித்திருந்ததோ, தண்ணீர்மேல் எண்ணெய் ஆடை படிந்துவிட்டது. தொட்டியில் ஏற்கெனவே விட்டிருந்த மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. "அவங்களுக்கு மூச்சு முட்டுதுடா! எடுத்துக் கழுவுடா!" என்று மாசிலாமணி குதித்தார். எங்கள் ஊரில் தலைமுடியைக் கழுவு என்றால் யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள்? சீயக்காய் போட்டுக் கழுவினேன். நன்றாக நுரை வரத் தேய்த்து, ஒரே ஒரு தண்ணீரில் அலசி, மறுபடி கட்டி வைத்துவிட்டு நிம்மதியாகப் போய்ப் படுத்தேன்.

குளத்தில் சீயக்காயைக் கரைத்தால் மீன் மயங்கும் என்பது தூண்டில் போடுகிறவனுக்குத் தெரியும். தொட்டி போடுகிற எனக்குத் தெரியவில்லை. காலையில் மீன்கள் பக்கவாட்டில் படுத்திருந்தன. மாசிலாமணி கண்ணாடிக்கு முன்னால் குனிந்து நின்று, "எழுந்திருங்க, கொஞ்சம் எழுந்திருங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். நல்ல தண்ணீருக்கு மாற்றினோம். பாதி எழுந்தன. பதினொன்று எழவில்லை. அவற்றை அவர் முருங்கை மரத்தடியில் தன் கையாலேயே புதைத்தார். அதற்குள் மில்காரரின் சம்சாரம் வந்து, சவுரி எங்கே என்று கேட்டார். மில்காரர் தொட்டியைக் காட்டினார். அந்த அம்மாள் சொன்னதை எல்லாம் கடைச் சுவரில் மாட்ட முடியாது.

கிருத்திகைக்குப் பதினோரு நாள்தான் பாக்கி. மாசிலாமணி கடை வாசலில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார். "நீளமா இருக்கணும். எண்ணெய் படாததா இருக்கணும். சீக்கா படாததா இருக்கணும். வேண்டுதல் முடியா இருக்கணும். இதெல்லாம் ஒரே தலையில எங்கடா கிடைக்கும்?"

எனக்குத் தெரிந்திருந்தது. அவர் இரண்டாவது விரலை மடக்கும்போதே தெரிந்துவிட்டது. சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவு வெட்கமாக இருந்தது. பள்ளிப்பட்டு பஸ்ஸில் ஏறினேன்.

நைனா தறியில் இருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"இன்னாடா, லீவா?"

"இல்ல நைனா. ஒண்ணு கேக்க வந்தேன்."

"கேளு."

"உங்க முடி வேணும்."

நாடா நின்றது. நான் மில்காரர், முழங்கால், மலை, சவுரி, சீயக்காய் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். பதினோரு மீனையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நடுவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அவருக்கு எந்தக் கால்?"

"ரெண்டும் நைனா."

"ம். அதாவது, நீ தறிக்கு வரணும்னு நான் வளத்த முடிய, நீ தறிக்கு வராம இருக்கறதுக்காக நான் குடுக்கணும்."

"ஆங் நைனா."

"கேக்கறதுக்கு நாக்கு கூசல?"

"கூசுது."

அவர் நாடாவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குடுக்கறதுக்கு ஒண்ணுமில்ல. ஆனா வேண்டுதல் முடியாம கத்தி வெச்சா சாமி குத்தமாயிடும். நீ தறியில உக்காந்தாதான் வெட்டலாம்."

"நான் தறியில உக்காந்துட்டா முடி எதுக்கு நைனா?"

இதற்கு முருகனிடமே பதில் இருக்காது என்று தோன்றியது. நைனா மறுபடி நெய்ய ஆரம்பித்தார். நான் பஸ்ஸுக்குக் கிளம்பலாமா என்று நினைத்துக்கொண்டு நின்றேன். ஒரு முழம் நெய்திருப்பார், நிறுத்தினார்.

"உக்காரணும்னுதான் வேண்டிக்கினேன்" என்றார் தறியைப் பார்த்தபடியே. "எத்தினி நாளுன்னு சொல்லல."

"நைனா?"

அவர் குழியிலிருந்து எழுந்தார். உட்காரும் பலகையைத் துண்டால் துடைத்தார். "வா. நாளைக்குக் காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் உக்காரு. சாமி பாக்கறாரு, சொம்மா ஏமாத்தாத, ஒழுங்கா நெய்யி."

அவர் எனக்காக இரண்டரை வருஷத்து வேண்டுதலை ஒரே நாளில் முடித்துக்கொள்கிறார் என்பது எனக்கு உடனே உறைக்கவில்லை. மறுநாள் காலையில் குழிக்குள் காலை விட்டபோதுதான் உறைத்தது. நைனா எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்து, நாள் முழுக்க நான் நெய்வதைப் பார்த்தார். அதுதான் நெய்வதைவிடக் கஷ்டமாக இருந்தது. எத்தனை முறை நூல் அறுந்ததோ கணக்கில்லை. கட்டம் ஆரம்பித்த இடம் ஒன்று, போய் முடிந்த இடம் ஒன்று. நாடா இரண்டு தடவை அவர் முக்காலியைத் தேடிப் போனது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு இரண்டரை முழம் தேறியது.

நைனா அதைக் கையில் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இதப் பாத்தா சாமியே உன்ன தொட்டிக்குத் துரத்திடுவாரு" என்றார்.

பிறகு கத்தரிக்கோலை என்னிடம் கொடுத்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். "தோள்ல தொங்கறது உனக்கு. தலையோட ஒட்டியிருக்கறது சாமிக்கு. கிருத்திகைக்கு வந்து மலையில மொட்டை போட்டுக்கறேன்." முதல் வெட்டே கோணலாகப் போனது. "இன்னாடா, லுங்கி நெய்யறப்பதான் கோணும், இதுக்குமா?" என்றார். முடியை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

மாசிலாமணி அதை வாங்கும்போது செருப்பைக் கழற்றினார். அவர் கழற்றி நான் அதுவரை பார்த்ததில்லை.

முடியை வெறும் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்தேன். சீயக்காய் டப்பாவை மாசிலாமணி பூட்டியே வைத்துவிட்டார். கற்களைத் தண்ணீருக்கு வெளியே எடுத்து, பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத் துணி விரித்து வரிசையாக வைத்துக்கொண்டேன். பெரணியின் தண்டைக் கல்லின்மேல் படுக்கவைத்து, வேர் கீழ்ப்பக்கம் வருமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு முடி அறுந்துவிடும், அதனால் மூன்றை ஒன்றாகப் பிடித்தேன். தண்டின்மேல் இரண்டு சுற்று. இறுக்கினால் தண்டு வெட்டுப்படும், தளர்ந்தால் மிதந்துவிடும். முடி கல்லைச் சுற்றி வர நீளம் போதாத இடத்தில் விரலில் சாம்பல் தொட்டு, பாவு பிணைப்பதுபோலத் திருகி நீட்டினேன். பாசியை இட்லி மாவு மாதிரி அப்பக் கூடாது. கல் தெரிகிற அளவு மெல்லிசாகப் பரப்ப வேண்டும், இல்லாவிட்டால் அடியில் உள்ளது வெளிச்சம் படாமல் செத்துப்போகும். படிக்கல்லின் இரண்டு பக்கமும் பாசி வைத்து, படியை மறைக்காமல் குறுக்கே கட்டினேன். ஆறு நாள் ஆனது.

யாரும் எதிர்பார்க்காத ஓர் அதிசயமும் நடந்தது. கருங்கல் என்றால் முழுக் கறுப்பு கிடையாது, வெள்ளைப் புள்ளியும் கறுப்புப் புள்ளியும் கலந்தது. நைனாவின் முடியும் பாதி நரை. கல்லில் வைத்ததும் காணாமல் போய்விட்டது. மில்காரர் பூதக்கண்ணாடி கொண்டுவந்து ஒரு மணி நேரம் தேடினார். "எங்கடா கட்டியிருக்க?" என்று என்னையே கேட்டார். நான் கட்டிய எனக்கே பாதி இடம் தெரியவில்லை.

ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணி முழுக்கக் காவடி. மில்காரர் குளித்து, விபூதி பூசி, காவடியைத் தோளில் வைத்தபடியே தொட்டிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். மாசிலாமணி பச்சைத் துணியை ஆட்டினார். மில்காரர் ஏற ஆரம்பித்தார், உதடு மட்டும் அசைந்தது. தொண்ணூற்று எட்டாவது படியில் ஒரு கப்பி மீன் குறுக்கே போனது. எண்ணிக்கை தவறிவிட்டது.

"மொதல்லருந்து" என்றார்.

இரண்டாவது தடவை இருநூற்றுப் பன்னிரண்டு வரை போனார். ஏஞ்சல் வந்து படிக்கு நேராக நின்றுகொண்டது. "அம்மா, கொஞ்சம் ஓரமா போங்க, பெரியவர் ஏறிகினு இருக்காரு" என்று மாசிலாமணி கைகூப்பினார். அது போகவில்லை. மறுபடி முதல் படி. மில்காரருக்கு உண்மையிலேயே வியர்த்துக் கொட்டியது, மூச்சு வாங்கியது. அவர் சம்சாரம் சவுரிக் கோபத்தையும் மறந்து விசிறியோடு வந்து நின்றார். அந்த நேரத்தில்தான் நைனா உள்ளே வந்தார். மொட்டைத் தலை, அதன்மேல் சந்தனம், கையில் மஞ்சள் பை. யாரும் அவரைக் கவனிக்கவில்லை. அவரும் யாரையும் கூப்பிடாமல் கதவோரமாக நின்றுகொண்டார்.

மூன்றாவது தடவை மீன்கள் எல்லாம் ஒரு மூலையில் ஒதுங்கின. முன்னூறு தாண்டியதும் வீட்டில் எல்லோரும் சத்தமாக எண்ண ஆரம்பித்தோம். முன்னூற்று அறுபத்தைந்தில் மில்காரர் "அரோகரா!" என்று கத்திய கத்தலில் தொட்டித் தண்ணீர் அதிர்ந்தது. முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். "வலிக்கல" என்று சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். வலிக்க எப்படி வலிக்கும், மனுஷன் நாற்காலியைவிட்டு எழுந்தால்தானே? ஆனால் அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது.

மாசிலாமணி பச்சைத் துணியை மடித்து வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "ஃபிட்டர்" என்றார். "நாளைக்குக் காலையில தண்ணி மாத்திடுங்க."

அவர் போன பிறகு நைனா தொட்டிக்குப் பக்கத்தில் வந்தார். இடுப்பில் கையை ஊன்றிக் குனிந்து, கண்ணாடியில் மூக்குப் படும்படி பார்த்தார்.

"எங்கடா என்னுது? ஒண்ணும் தெரியல."

நான் ஓர் இடத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் தேடிக் கண்டுபிடித்தார்.

"இது எத்தினி நாளைக்கு இப்படியே இருக்கும்?"

"வேர் கல்லைப் பிடிக்கிற வரைக்கும் நைனா. ஒரு மாசம் ஆவும்."

"அப்புறம்?"

"அப்புறம் முடி தேவையில்ல. அறுத்து எடுத்துடுவோம்."

அவர் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். சந்தனம் விரலில் ஒட்டியது, துண்டில் துடைத்துக்கொண்டார். "அறுக்கறதுக்கு முன்னாடி ஒரு தரம் இழுத்துப் பாரு" என்றார். "பிடிச்சிருக்குன்னு நல்லா தெரிஞ்சப்புறம் அறு."

"ஆங் நைனா."

"நான் கிளம்பறேன். தறி சொம்மா கீது."

ஒரு மாதம் கழித்துக் கத்தரிக்கோலோடு தொட்டிக்குள் கையை விட்டேன். ஒவ்வொரு செடியாக இழுத்துப் பார்த்தேன். எல்லாமே நன்றாகப் பிடித்திருந்தன. ஒரு முடியையும் அறுக்காமல் கத்தரிக்கோலை வெளியே எடுத்துத் துடைத்து வைத்துவிட்டு, இன்னும் பிடிக்கவில்லை, இரண்டு வாரம் போகட்டும் என்று மில்காரரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.